பா.ம.க.வும் பாவப்பட்ட மாம்பழ ஓட்டுக்காரரும்

தர்மபுரி மாவட்டத்தில் ஒரு வகை வாக்காளர் இருக்கிறார். அக்னி கலசம் அச்சடித்த பனியன் போடமாட்டார். சித்திரை முழுநிலவு மாநாட்டுக்கு வேன் ஏறமாட்டார். டீக்கடையில் அரசியல் பேச்சு சூடானால் பேப்பரை மடித்து வைத்துவிட்டு எழுந்து போய்விடுவார். ஆனால் தேர்தல் அன்றைக்குக் காலையிலேயே வரிசையில் நின்று ஓட்டைப் போட்டுவிட்டுத்தான் காட்டு வேலைக்குப் போவார். முதலில் யானைச் சின்னத்துக்கு, பிறகு மாம்பழத்துக்கு. ஒரு தேர்தல் இரண்டு தேர்தல் இல்லை... இருபது, முப்பது வருஷமாக!

கட்சிக்குள் இவருக்குப் பெயர் கிடையாது. பத்திரிகைகள் 'வன்னியர் வாக்கு வங்கி' என்று ஒரே வார்த்தையில் இவரை முடித்துவிடும். வங்கியாம்! வங்கியில் பணம் போட்டவனுக்காவது பாஸ்புக் உண்டு. வட்டி உண்டு. பிடிக்கவில்லை என்றால் கணக்கை முடித்துக்கொண்டு வெளியே வந்துவிடலாம். இவருக்கு என்ன உண்டு?

இந்த மிதவாத ஓட்டுக்காரர் இன்றைக்குப் பாட்டாளி மக்கள் கட்சியைப் பார்த்துக் கேட்கும் கேள்வி ரொம்ப எளிமையானது. "நாங்கள் எந்தக் கட்சிக்கு ஓட்டுப் போட்டோமோ அந்தக் கட்சி எங்கே?" அவர் மாறவில்லை. கட்சி மாறிவிட்டது. மாறும்போது அவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. மாறி முடித்த பிறகு, "எங்கள் மக்களின் உணர்வு இது, அதனால்தான் மாறினோம்" என்று பழியையும் அவர் தலையில் போட்டுவிட்டது. கோபம் இங்கேதான் ஆரம்பிக்கிறது.

கொஞ்சம் பின்னால் போய்ப் பார்க்க வேண்டும்.

1980-ல் வன்னியர் சங்கம். 1987 செப்டம்பரில் ஒரு வார சாலை மறியல். வட தமிழகமே ஸ்தம்பித்தது. போலீஸ் துப்பாக்கிச் சூடு உள்பட அந்தப் போராட்டத்தில் 21 பேர் உயிரிழந்தார்கள். கேட்டது என்ன? மாநிலத்தில் 20 சதவீதம், மத்தியில் 2 சதவீதம் இட ஒதுக்கீடு. 1989-ல் ஆட்சிக்கு வந்த கருணாநிதி, மிகவும் பிற்படுத்தப்பட்டோர் என்று ஒரு தனிப் பிரிவை உண்டாக்கி 20 சதவீதம் கொடுத்தார். அது வன்னியருக்கு மட்டும் கிடைத்ததில்லை. நூற்றுக்கும் மேற்பட்ட சாதிகள் அந்தப் பிரிவில் வந்தன. முடி திருத்துகிறவர், துணி வெளுக்கிறவர், மீன் பிடிக்கிறவர் என்று எல்லார் வீட்டுப் பிள்ளைகளுக்கும் அதில் இடம் கிடைத்தது. 'நம்ம ரத்தம் சிந்தி நூறு சாதிக்கு வாங்கிக் கொடுத்தோம்' என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் பெரியவர்கள் பென்னாகரத்திலும் பாலக்கோட்டிலும் இன்றும் இருக்கிறார்கள். நியாயமான பெருமைதான்.

அதே 1989 ஜூலை 16-ல் பா.ம.க. பிறந்தது. பெயரைக் கவனியுங்கள். 'வன்னியர் மக்கள் கட்சி' என்று வைக்கவில்லை. 'பாட்டாளி மக்கள் கட்சி' என்று வைத்தார்கள். மேடையில் மூன்று படங்கள் - மார்க்ஸ், பெரியார், அம்பேத்கர். கும்பகோணம் பக்கம் குடிதாங்கியில் ஒரு தலித்தின் சடலத்தைத் தெரு வழியாகக் கொண்டுபோகவிடாமல் தடுத்தபோது, மருத்துவர் ராமதாஸ் நேரில் போய் நின்று தோள் கொடுத்தார். அதை வைத்தே 'தமிழ்க் குடிதாங்கி' என்று திருமாவளவன் அவருக்குப் பட்டம் கொடுத்தார். 1998-ல் மத்திய அமைச்சரவையில் முதன்முதலாக இடம் கிடைத்தபோது கட்சி யாரை அனுப்பியது? சிதம்பரத்தில் ஜெயித்த தலித் எழில்மலையை. அடுத்த வருஷம் யாருக்குக் கிடைத்தது? அதே சிதம்பரத்தில் ஜெயித்த இன்னொரு தலித், பொன்னுசாமிக்கு. 2004-க்குப் பிறகு தமிழ்ப் பாதுகாப்பு இயக்கம் என்று ராமதாசும் திருமாவளவனும் ஒரே மேடையில் நின்றார்கள்.

எதிரியும் ஒப்புக்கொள்ள வேண்டிய வரலாறு இது. தர்மபுரி மிதவாதி ஓட்டுப் போட்டது இந்தக் கட்சிக்குத்தான். சொந்தச் சாதிக் கட்சி என்பதற்காக மட்டும் போட்டார் என்று சொல்பவர்கள் அவரை அவமானப்படுத்துகிறார்கள். சாதிப் பாசம் இருந்தது, இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் அந்தப் பாசத்தோடு, 'நம்ம கட்சி யாருக்கும் கெடுதல் செய்யாத கட்சி, அடிமட்டத்தில் இருக்கிறவனை மேலே கொண்டுவருகிற கட்சி' என்கிற ஒரு கௌரவமும் இருந்தது. பக்கத்து ஊர் நண்பனிடம் தலை நிமிர்ந்து சொல்லிக்கொள்ள முடிந்தது.

அந்த மாவட்டம் எப்படிப்பட்ட மாவட்டம் என்பதையும் மறக்கக்கூடாது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் எழுத்தறிவில் தமிழ்நாட்டிலேயே கடைசி. நிலத்தடித் தண்ணீரில் ஃபுளோரைடு. பல்லில் கறை, எலும்பில் வலி என்று தலைமுறை தலைமுறையாக அனுபவித்த பிறகு, 2013-ல்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் பயன்பாட்டுக்கு வந்தது. மழை பொய்த்தால் ஆண்கள் பெங்களூருக்குக் கட்டட வேலைக்கும் திருப்பூருக்குப் பனியன் கம்பெனிக்கும் பஸ் ஏறுவார்கள். பக்கத்திலிருந்த ஓசூர் 2004-ல் கிருஷ்ணகிரி மாவட்டத்தோடு போய்விட்டது. தொழிற்சாலைகளும் அந்தப் பக்கம். இந்தப் பக்கம் மிஞ்சியது மாந்தோப்பும் புளியமரமும் ராகியும் பாலக்கோட்டுத் தக்காளியும்தான். இப்படிப்பட்ட ஊரில் ஒரு கட்சிக்கு வேலை பஞ்சமா? தண்ணீர், படிப்பு, வேலை என்று மூன்றை மட்டும் பிடித்துக்கொண்டு ஐம்பது வருஷம் அரசியல் செய்யலாமே!

கட்சிக்கு அது தெரியாமல் இல்லை. வருஷா வருஷம் நிழல் நிதிநிலை அறிக்கை என்று ஒன்று போடுகிறார்கள். படித்துப் பார்த்தால் ஆட்சியில் இருப்பவர்களுக்கே வெட்கம் வரும். அவ்வளவு உழைப்பு அதில் இருக்கும். மதுவிலக்கு கேட்டு விடாமல் போராடினார்கள். அன்புமணி மத்திய சுகாதார அமைச்சராக இருந்தபோது 2005-ல் தேசிய ஊரக சுகாதார இயக்கம் வந்தது. 2008 அக்டோபர் 2 முதல் பொது இடங்களில் புகைபிடிக்கத் தடை வந்தது. காவிரி உபரி நீரைத் தர்மபுரி ஏரிகளுக்குக் கொண்டுவர வேண்டும் என்று அந்த மாவட்டத்தில் இயக்கம் நடத்தினார்கள். இதெல்லாம் மிதவாதிக்குப் பிடித்த பா.ம.க.

அப்புறம் 2012 வந்தது.

நவம்பர் 7. ஒரு தலித் இளைஞரும் வன்னியப் பெண்ணும் காதலித்துக் கல்யாணம் செய்துகொண்டார்கள். பெண்ணின் அப்பா தற்கொலை செய்துகொண்டார். அன்று மாலை நாயக்கன்கொட்டாய் பகுதியில் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி ஆகிய மூன்று தலித் குடியிருப்புகள் எரிந்தன. 250-க்கும் மேற்பட்ட வீடுகள். பெங்களூரில் மண் சுமந்து, கல் சுமந்து, பத்து வருஷம் சேர்த்துக் கட்டிய வீடுகள். பீரோவும் பிள்ளைகளின் சர்ட்டிபிகேட்டும் சேர்ந்து சாம்பல். அடுத்த வருஷம் 2013 ஜூலை 4-ல் அந்த இளைஞரின் உடல் தர்மபுரியில் ரயில் பாதை ஓரம் கிடந்தது.

இதே நாயக்கன்கொட்டாயில்தான் நக்சல்பாரி இயக்கத்தின் அப்பு, பாலன் சிலைகள் நிற்கின்றன. 1970-களின் கடைசியில் வன்னியரும் தலித்தும் சேர்ந்து இரட்டைக் குவளைக்கு எதிராகப் போராடிய பூமி அது. வன்முறைப் பாதை சரியா தப்பா என்பது வேறு விவாதம். ஆனால் இரண்டு சாதியும் சேர்ந்து நிற்பது அந்த மண்ணுக்குப் புதிதில்லை என்பதற்கு அந்தச் சிலைகள் சாட்சி.

தீ வைத்ததில் தங்களுக்குத் தொடர்பில்லை என்று பா.ம.க. சொன்னது. சரி, அது நீதிமன்றத்தின் வேலை. தீ அணைந்த பிறகு கட்சி என்ன செய்தது என்பதுதான் ஓட்டுப் போட்டவர் கேட்கிற கேள்வி. குடிதாங்கியில் தோள் கொடுத்தவர் நத்தத்துக்கும் ஓடி வருவார், எரிந்த வீட்டு வாசலில் நின்று 'இது நம்ம வேலை இல்லடா' என்று தன் சாதிப் பையன்களை அதட்டுவார் என்று எதிர்பார்த்தவர்கள் உண்டு. நடந்தது என்ன? தலித் அல்லாத சாதி அமைப்புகளை ஊர் ஊராகக் கூட்டிக் கூட்டம் போட்டார்கள். ஜீன்ஸ், டி-ஷர்ட், கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு நம் பெண்களை மயக்குகிறார்கள் என்று மேடையில் பேசினார் ராமதாஸ். காதல் நாடகம் என்று ஒரு புதுச் சொல் அரசியலுக்கு வந்தது. பெரியார் படத்தைப் பின்னால் மாட்டிக்கொண்டு அதற்கு முன்னால் நின்று பேசுகிற பேச்சா இது?

பெண் வயசுக்கு வந்துவிட்டால் யாரைக் கட்டிக்கொள்வது என்று முடிவு செய்யும் உரிமை அவளுக்கு உண்டு என்று பேசிக்கொண்டே இருந்த மனுஷன் பெரியார். சாதி ஒழிய கலப்பு மணமே வழி என்று எழுதியவர் அம்பேத்கர். இந்த இரண்டு பேரையும் மேடையில் வைத்துக்கொண்டு கலப்பு மணத்துக்கு எதிராக அணி சேர்ப்பது, மதுவிலக்கு மாநாட்டுக்கு டாஸ்மாக் கடையை ஸ்பான்சராகப் பிடிப்பது மாதிரி!

இங்கே ஒரு பதில் தயாராக இருக்கும். "எங்கள் மக்களின் உணர்வு அப்படி இருந்தது. தலைமை அதைத்தான் பேசியது. 2014-ல் தர்மபுரியில் அன்புமணி ஜெயிக்கவில்லையா?"

ஜெயித்தார். சுமார் 77 ஆயிரம் ஓட்டு வித்தியாசத்தில். தமிழ்நாட்டில் பா.ஜ.க. அணி ஜெயித்தது இரண்டே தொகுதி, அதில் ஒன்று தர்மபுரி. சாதித் திரட்சி அதற்கு உதவவில்லை என்று சொன்னால் அது பொய். ஆனால் கணக்கை முழுசாகப் பார்க்க வேண்டாமா? ஒரு வருஷ லாபத்தை மட்டும் காட்டி கம்பெனி நன்றாக நடக்கிறது என்று சொன்னால் யார் நம்புவார்கள்? 2016-ல் 'மாற்றம் முன்னேற்றம் அன்புமணி' என்று தனியாக நின்றார்கள். அதே தர்மபுரி மாவட்டத்துப் பென்னாகரத்தில் முதல்வர் வேட்பாளர் அன்புமணியே சுமார் 18 ஆயிரம் ஓட்டில் தி.மு.க.விடம் தோற்றார். மாநிலம் முழுக்க ஐந்து சதவீதச் சொச்சம் ஓட்டு, ஒரு இடம்கூட இல்லை. 2019-ல் தர்மபுரி நாடாளுமன்றத் தொகுதியில் சுமார் 70 ஆயிரம் ஓட்டில் தோல்வி. 2024-ல் சௌமியா அன்புமணி நின்றார். நீர், சுற்றுச்சூழல் என்று பேசினார். சுமார் 21 ஆயிரம் ஓட்டில் தோல்வி. 'கோட்டை, கோட்டை' என்று சொன்ன ஊரில் அடுத்தடுத்து இத்தனை ஓட்டை எப்படி விழுந்தது?

உணர்வைத் தூண்டினால் ஒரு தரம் ஓட்டு விழும். அடுத்த தரம் அந்த உணர்வைவிடப் பெரிய உணர்வு வேண்டும். இல்லாவிட்டால் ஜனம் தன் வேலையைப் பார்க்கப் போய்விடும். அதோடு, வன்னியர் ஓட்டு மட்டும் போட்டால் தர்மபுரியில்கூட ஜெயிக்க முடியாது என்பது கட்சிக்கே தெரிந்த கணக்கு. மற்ற சாதிக்காரன் பயந்து எதிர்ப்பக்கம் ஒதுங்கும்போது, சொந்தச் சாதி மிதவாதியும் சத்தமில்லாமல் அவனோடு ஒதுங்குகிறான். எரிந்த காலனியிலிருந்து அவன் வயலுக்கு வேலைக்கு வந்தவர்கள் உண்டு, அவன் பிள்ளையோடு ஒரே பெஞ்சில் படித்தவர்கள் உண்டு. மறுநாள் அவர்கள் முகத்தில் விழிக்க வேண்டியவன் அவன்தான். தைலாபுரம் தோட்டத்தில் இருப்பவர்களுக்கு அந்தச் சங்கடம் இல்லை.

சாதி விஷயம் ஒருபுறம் இருக்கட்டும். கூட்டணி விஷயத்துக்கு வருவோம்.

1998-ல் அ.தி.மு.க., பா.ஜ.க.வோடு. 1999-ல் தி.மு.க., பா.ஜ.க.வோடு. 2001-ல் மறுபடி அ.தி.மு.க. 2004-ல் தி.மு.க., காங்கிரஸ். 2006-ல் தி.மு.க. 2009-ல் அ.தி.மு.க. 2011-ல் தி.மு.க. அதற்கப்புறம் 'இனி திராவிடக் கட்சிகளோடு கூட்டணியே கிடையாது' என்று பொதுக்குழுவில் தீர்மானம். 2014-ல் பா.ஜ.க. 2016-ல் தனி. 2019-ல் அ.தி.மு.க., பா.ஜ.க. என்று இரண்டோடும்! மூச்சு வாங்குகிறதா? படிக்கிறவருக்கே இப்படி என்றால், ஒவ்வொரு தரமும் பக்கத்து வீட்டுக்காரனிடம் விளக்கம் சொல்ல வேண்டிய ஓட்டுக்காரர் பாடு எப்படி இருக்கும்?

கூட்டணி வைப்பது பாவமில்லை. சின்னக் கட்சிக்கு அது பிழைப்பு. ஆனால் ஒவ்வொரு கூட்டணிக்கும் கொள்கையில் ஒரு துண்டு வெட்டிக் கொடுப்பது எந்த நியாயம்? பிளஸ் டூவில் கணக்குப்பதிவியல் படித்தவர்களுக்கு 'தியாக விகிதம்' தெரிந்திருக்கும். கூட்டாண்மை நிறுவனத்தில் புதுக் கூட்டாளி வரும்போது பழைய கூட்டாளிகள் தங்கள் லாபப் பங்கில் எவ்வளவு விட்டுக்கொடுக்கிறார்கள் என்கிற கணக்கு அது. விட்டுக்கொடுத்த பழைய கூட்டாளிக்குப் புதுசாக வருகிறவர் நற்பெயருக்கு ஈடாகப் பணம் கொடுக்க வேண்டும். பா.ம.க. கணக்கில் தியாகம் செய்கிற பழைய கூட்டாளி, ஓட்டுக்காரர். நற்பெயருக்கான ஈட்டைத் தொகுதிப் பங்கீடாகவும் மாநிலங்களவை இடமாகவும் வாங்கிக்கொள்வது தலைமை. எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லாத கணக்கு!

உதாரணம் வேண்டுமா? சேலம் - சென்னை எட்டுவழிச் சாலை. சுமார் 10 ஆயிரம் கோடி ரூபாய்த் திட்டம். தர்மபுரி மாவட்டத்தில் அரூர், பாப்பிரெட்டிப்பட்டி பக்கம் விவசாயிகளின் நிலத்தில் கல் நட்டார்கள். அன்புமணி எதிர்த்தார், நீதிமன்றத்துக்கே போனார். விவசாயிகள் கையெடுத்துக் கும்பிட்டார்கள். 2019 ஏப்ரல் 8-ல் நிலமெடுப்பு செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பு கொடுத்தது. மகத்தான வெற்றி. ஆனால் அந்தத் தீர்ப்பு வந்தபோது பா.ம.க. எங்கே இருந்தது? அந்தச் சாலையைக் கொண்டுவந்தே தீருவோம் என்ற அ.தி.மு.க.வோடும் பா.ஜ.க.வோடும் ஒரே வண்டியில் ஓட்டுக் கேட்டுக்கொண்டிருந்தது. நிலத்தைக் காப்பாற்றியதற்குப் பா.ம.க.வுக்கு ஓட்டுப் போடுவதா, நிலத்தை எடுக்க வந்தவனோடு நிற்பதற்கு மாற்றிப் போடுவதா? தொகுதியின் தீர்ப்பு அடுத்த மாதம் தெரிந்தது.

இன்னொன்று. 2019 டிசம்பர் 11, மாநிலங்களவையில் குடியுரிமைத் திருத்த மசோதா. அன்புமணி ஆதரித்து ஓட்டுப் போட்டார். சில வாரங்களில் கட்சிப் பொதுக்குழு, தேசியக் குடிமக்கள் பதிவேடு தமிழ்நாட்டுக்கு வேண்டாம் என்று தீர்மானம் போட்டது. டெல்லிக்கு ஒன்று, தமிழ்நாட்டுக்கு ஒன்று. இதில் எதுதான் கட்சியின் கொள்கை என்று ஓட்டுக்காரர் எதை வைத்துக் கண்டுபிடிப்பார்?

10.5 சதவீத உள் ஒதுக்கீடு விஷயம் இதைவிட வேதனை. அது நியாயமான கோரிக்கை என்று நினைக்கிற மிதவாதிகள் ஏராளம். மக்கள்தொகைக்கு ஏற்ற பங்கு கேட்பதில் தப்பில்லை. ஆனால் அதைச் செய்த விதம்? 2021 பிப்ரவரி 26, தேர்தல் தேதி அறிவிப்பதற்குச் சில மணி நேரம் முன்னால் சட்டமன்றத்தில் மசோதா. மறுநாள் அ.தி.மு.க.வோடு 23 தொகுதிகளுக்கு ஒப்பந்தம். புதிய புள்ளிவிவரம் கையில் இல்லாமல் அவசர அவசரமாகப் போட்ட சட்டம் நிற்குமா? 2021 நவம்பர் 1-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை ரத்து செய்தது. 2022 மார்ச் 31-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்துவிட்டது. ஒப்பந்தத்தால் கட்சிக்கு ஐந்து எம்.எல்.ஏ. கிடைத்தார்கள். ஒதுக்கீட்டை நம்பிய பிள்ளைகளுக்கு என்ன கிடைத்தது? நூறு சாதிக்கும் சேர்த்து வாங்கிக் கொடுத்த கட்சி என்கிற பழைய பெருமைக்கும் அதில் ஒரு கீறல் விழுந்தது. 21 பேர் உயிர் கொடுத்த கோரிக்கை, தொகுதிப் பேரத்தின் இலவச இணைப்பு மாதிரி ஆகிப்போனது.

இத்தனையும் முடிவு செய்தது யார்? இங்கேதான் மொத்த விஷயமும் வந்து நிற்கிறது. 2024-ல் பா.ஜ.க.வோடு கூட்டணி வைத்ததில் தனக்கு விருப்பம் இல்லை, மகனும் மருமகளும் வற்புறுத்தினார்கள் என்று 2025-ல் ராமதாஸே பத்திரிகையாளர்களிடம் சொன்னார். அன்புமணி தரப்பு அதை ஏற்கவில்லை. யார் சொல்வது உண்மை என்பது முக்கியமே இல்லை. லட்சக்கணக்கான பேர் ஓட்டுப் போடுகிற ஒரு கட்சியின் திசை, ஒரு வீட்டு ஹாலில், ஒரே குடும்பத்தின் இரண்டு மூன்று பேருக்குள் முடிவானது என்பதில் இரண்டு தரப்புக்கும் சண்டை இல்லை பாருங்கள்! சண்டை எல்லாம் அந்த ஹாலில் யார் பேச்சு எடுபட்டது என்பதில்தான்.

தானோ தன் குடும்பமோ பதவிக்கு வரமாட்டோம் என்று ஆரம்ப காலத்தில் ராமதாஸ் சொன்னதை நம்பிய தலைமுறை இன்னும் உயிரோடு இருக்கிறது. அந்தத் தலைமுறை 2024 டிசம்பரில் பொதுக்குழு மேடையிலேயே அப்பாவும் மகனும் மைக்கில் மோதிக்கொண்டதைப் பார்த்தது. எதற்கு மோதல்? கலப்பு மணத்தைப் பற்றியா, எட்டுவழிச் சாலையைப் பற்றியா, காவிரி உபரி நீரைப் பற்றியா? இல்லை. பேரனுக்கு இளைஞரணித் தலைவர் பதவி கொடுப்பது பற்றி. 2025 ஏப்ரலில் 'இனி நானே தலைவர்' என்றார் தந்தை. செப்டம்பரில் மகனைக் கட்சியை விட்டே நீக்கினார். கொள்கைக்காக ஒரு கட்சி உடைந்திருந்தால் மிதவாதிக்கு ஒரு பக்கம் நிற்க வசதியாக இருந்திருக்கும். நாற்காலிக்காக உடைந்தால் அவர் எந்தப் பக்கம் நிற்பார்?

'எல்லாக் கட்சியும் இப்படித்தானே?' என்பது அடுத்த பதில். ஓரளவு உண்மை. தி.மு.க.விலும் குடும்பம்தான். அ.தி.மு.க.விலும் பொதுக்குழு எதைத் தீர்மானித்தது என்பது நீதிமன்றம் போய்த்தான் தெரிகிறது. தர்மபுரியில் வேட்பாளர் போடும்போது சாதி பார்க்காத பெரிய கட்சி எது? 2012-ல் மூன்று காலனிகள் எரியும்போது போலீஸைக் கையில் வைத்திருந்தது அ.தி.மு.க. அரசு. யாரும் யோக்கியமில்லை. ஆனால் 'அவர்களைப் போல நாங்கள் இல்லை' என்று சொல்லித்தானே பா.ம.க. ஓட்டுக் கேட்டது? மாற்று என்று சொல்லி வந்தவர், 'மற்றவரும் இப்படித்தான்' என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

உலகத்தில் எல்லாக் கட்சியும் இப்படித்தான் என்பதும் பொய். ஜெர்மனியில் சமூக ஜனநாயகக் கட்சி என்று ஒரு பழைய தொழிலாளர் கட்சி உண்டு. எதிர்முகாமான மெர்க்கெல் கட்சியோடு கூட்டணி ஆட்சி வைக்கலாமா என்று 2013-லும் 2018-லும் தன் உறுப்பினர்களிடமே தபால் ஓட்டு எடுத்தது. 2018-ல் ஓட்டுரிமை இருந்த உறுப்பினர்கள் நாலரை லட்சத்துக்கும் மேல். மூன்றில் இரண்டு பங்கு பேர் சரி என்றார்கள், மூன்றில் ஒரு பங்கு வேண்டாம் என்றார்கள். வேண்டாம் என்றவனுக்கும் தன் ஓட்டு எண்ணப்பட்டது என்ற மரியாதை இருந்தது. பிரிட்டனில் தொழிற்கட்சி தன் கட்சி விதியில் இருந்த பொதுவுடைமைக் கொள்கையையே 1995-ல் மாற்றியது. பழைய ஆட்களுக்கு ஏகக் கோபம். ஆனால் தனி மாநாடு கூட்டி, ஓட்டெடுத்து மாற்றினார்கள். கட்சிகள் மாறலாம். காலம் மாறினால் மாறத்தான் வேண்டும். கேட்டுவிட்டு மாறு என்பதுதான் விஷயம்.

இந்தியாவில் என்ன சட்டம் இருக்கிறது? 1985-ல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டம். எம்.எல்.ஏ. கட்சி கொறடா சொன்னதை மீறினால் பதவி போகும். கட்சியே தன் தேர்தல் அறிக்கையை மீறினால்? எதுவும் போகாது. கட்சியை விட்டு எம்.எல்.ஏ. தாவக்கூடாது, கொள்கையை விட்டுக் கட்சி எத்தனை தரம் வேண்டுமானாலும் தாவலாம்!

கடைசியாக ஒரு பெரிய அஸ்திரம் வைத்திருப்பார்கள். துரோகி. 'சொந்தச் சாதிக்காரனே நம்மைக் கேள்வி கேட்கலாமா? அவன் விலைபோனவன்.' மிதவாதியின் வாயை அடைக்க இந்த ஒரு சொல் போதும். ஊரில் இருக்க வேண்டும், பெண் கொடுக்க வேண்டும், எடுக்க வேண்டும், சாவு வாழ்வுக்கு நாலு பேர் வர வேண்டும். அதனால் அவர் வாயைத் திறக்கமாட்டார். அந்த மௌனத்தைத் தலைமை சம்மதம் என்று எடுத்துக்கொள்கிறது. தப்பு. 2016-லும் 2019-லும் 2024-லும் வாக்குப் பெட்டிக்குள் அந்த மௌனம்தான் பேசியது. யார் துரோகி? 1989-ல் சொன்னதை இன்னும் நம்பிக்கொண்டிருப்பவரா, அதைத் தொகுதிப் பங்கீட்டு மேஜையில் விட்டுவிட்டு வந்தவர்களா?

மிதவாதி கேட்பது ஒன்றும் ஆகாயத்துக் கோட்டை இல்லை. அப்பா அணியானாலும் சரி, மகன் அணியானாலும் சரி, கேள்வி இரண்டு பேருக்கும் பொது.

ஒன்று, கூட்டணி முடிவு செய்வதற்கு முன்னால் ஒன்றியம் ஒன்றியமாக உறுப்பினர்களிடம் ரகசிய ஓட்டு எடுங்கள். மாநாட்டுக்கு லட்சம் பேரைத் திரட்டத் தெரிந்த கட்சிக்கு வாக்குச்சீட்டு அச்சடிக்கத் தெரியாதா?

இரண்டு, நாயக்கன்கொட்டாய்க்குப் போங்கள். மூன்று காலனிகளுக்கும் போய் நின்று, 2012-க்குப் பிறகு மேடை மேடையாகப் பேசிய பேச்சு தப்பு என்று சொல்லுங்கள். ஓட்டு போய்விடும் என்று பயமா? குடிதாங்கிக்குப் போனதால் எத்தனை ஓட்டுப் போனது?

மூன்று, பெரியார், அம்பேத்கர், மார்க்ஸ் படங்களை வைத்துக்கொள்வது என்றால் அவர்கள் சொன்னதையும் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். முடியாது என்றால் படங்களைக் கழற்றிவிடுங்கள். ஒரு கட்சி சாதிக் கட்சியாக இருப்பது அதன் இஷ்டம். ஆனால் ஓட்டுப் போடுகிறவர் எந்தக் கடையில் எந்தச் சரக்கு இருக்கிறது என்று தெரிந்து வாங்க வேண்டும். உள்ளே ஒன்றை வைத்துக்கொண்டு வெளியே வேறு போர்டு மாட்டினால் அதற்கு வியாபாரத்திலேயே நல்ல பெயர் கிடையாது.

இதெல்லாம் நடக்குமா என்றால் சந்தேகம்தான். ஆனால் ஒன்று நிச்சயம். சத்தம் போடுகிற ஆயிரம் பேரை வைத்துக் கூட்டம் நடத்தலாம், பேனர் கட்டலாம், ரோட்டை மறிக்கலாம். ஜெயிப்பதற்கு, சத்தம் போடாமல் வரிசையில் வந்து நிற்கிறவர் வேண்டும். அவரை 'எங்க போயிடப் போறான்' என்று நினைத்த கட்சிகளின் கதி என்ன என்று கேட்டால், தர்மபுரியில் ஒரு காலத்தில் காங்கிரஸ் எப்படி இருந்தது என்று வயசானவர்களைக் கேட்டுப் பாருங்கள். சொல்வார்கள்.